கடைசி ஐந்து வரி

ஏழு வருஷமாகப் படித்துவந்த பாகத்தில் இன்னும் ஐந்தே ஐந்து வரிதான் பாக்கி. அந்த ஐந்து வரியைப் படிக்க மாட்டேன் என்று செல்மா பிராட்கின் உட்கார்ந்துவிட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியெல்லாம் இல்லை. எங்கள் ஆலயத்துக் குருவான ரபி வந்து கேட்டபோது, "இப்ப வேண்டாமே" என்று ஏதோ இரண்டாவது காபியை மறுப்பதுபோல் சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் எங்கள் யூத ஜெப ஆலயத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எகிப்தில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்கா சாயங்காலம் தொடங்கும், அன்று பகல் முழுக்கத் தலைச்சன் பிள்ளைகளெல்லாம் விரதம் இருக்க வேண்டும். எகிப்தில் அன்றைக்கு அடுத்தவர் வீட்டுத் தலைச்சன்கள் செத்தார்கள், நம் வீட்டுத் தலைச்சன்கள் பிழைத்தார்கள், அதை நினைத்து. ஆனால் அன்று காலையில் யாராவது ஞானிகளின் நூலில் ஒரு பாகத்தைப் படித்து முடித்தால் அது விருந்துக்குரிய காரியம். அந்த விருந்தில் உட்கார்ந்தவர்கள் சாப்பிடலாம், விரதம் போச்சு. பட்டினிக்குத் தப்பிக்க நம்மவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். அன்று காலை ஏழரைக்கு பேகல் ரொட்டிக்கு முதல் வரிசையில் நிற்கிறவர்களும் அவர்கள்தான்.

இதற்காகவே, படிக்கிறவர்கள் பாகத்தின் கடைசிச் சில வரிகளைத் தொடாமல் நிறுத்தி, அந்தக் காலைக்கென்று எடுத்துவைப்பார்கள். இந்த வருஷம் அப்படி எடுத்துவைத்தவர்கள் செல்மாவும் அவளுடைய சிநேகிதி பெவர்லி ஷைன்மனும். ஆலயத்தின் மாதப் பத்திரிகையில் இரண்டு பேர் பெயரையும் போட்டாகிவிட்டது. பத்திரிகை வீடு வந்து சேர்வதற்குள் பெவர்லி செத்துப்போனாள்.

செல்மாவுக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளில் தலைச்சன் அவள். அவள் அப்பா ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். தம்பிகள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் விட்டதும் எபிரேயம் படிக்க ஓடுவார்கள், செல்மா வீட்டில் உருளைக்கிழங்கு உரிப்பாள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று யாரும் சொன்னதில்லை, சொல்கிற அளவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. பிறகு ஒரு பல் டாக்டரிடம் முப்பத்தொரு வருஷம் உதவிக்கு இருந்தாள். கல்யாணம் ஆறு வருஷம் ஓடி நின்றுபோனது. பிள்ளை இல்லை. அப்பா செத்தபோது தம்பிகள் மூன்று பேரும் எழுந்து நின்று கதிஷ் சொன்னார்கள். செத்தவருக்காக அவர் பிள்ளைகள் நின்று சொல்கிற ஜெபம் அது. செல்மா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அம்மா செத்தபோதும் அப்படியே. அந்த நாளில் எங்கள் ஆலயத்தில் பெண்கள் அதைச் சொல்கிற வழக்கமில்லை. இப்போது சொல்கிறார்கள். என்ன பிரயோஜனம், பெற்றவர்கள் இரண்டு தடவை சாவார்களா?

அறுபத்திரண்டில் வேலையை விட்டதும், பெரியவர்களுக்கான எபிரேய எழுத்து வகுப்பு என்று ஆலயத்துப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு கனத்த பெண்மணி. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். சாதாரணமாகப் பேசினாலே கடைசி இருக்கை வரை போகும் குரல். அவள்தான் பெவர்லி. முதல் நாளே புத்தகத்தைச் செல்மா பக்கம் தள்ளி, "இந்த எழுத்தும் கொக்கி, அந்த எழுத்தும் கொக்கி. உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா, இல்ல நீங்களும் சும்மாதான் தலையை ஆட்டறீங்களா?" என்றாள்.

"சும்மாதான் ஆட்டறேன்," என்றாள் செல்மா.

அன்றைக்கே ஒட்டிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் நீங்க நீயாகி, மூன்றாம் மாதம் வாடி போடியில் வந்து நின்றது.

எழுத்து வகுப்பில் பதினொரு பேர் இருந்தார்கள். எழுத்து முடிந்து, ஞானிகளின் சட்டச் சண்டைகள் நிறைந்த அந்தப் பெரிய நூலுக்குள் போகலாம் என்று வந்தபோது ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பேரன், ஒருவர் நேர்மையாகவே தலை சுற்றுகிறது என்றார். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். அந்த நூலை ஒற்றை ஆளாகப் படிக்கிற வழக்கமும் கிடையாது. ஜோடியாகத்தான் உட்கார வேண்டும், ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் குறுக்கே கேள்வி கேட்டு மறிக்க வேண்டும். பெவர்லி வாசிப்பாள், செல்மா மறிப்பாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, சமையலறையை ஒட்டிய சின்ன அறை, தட்டித் தட்டிச் சத்தம் போடும் வெந்நீர்க் குழாய். ஆளுக்கொரு பிரதி. வாசித்து முடித்த ஒவ்வொரு வரிக்கும் பெவர்லி பென்சிலால் ஒரு டிக் போடுவாள். பேருந்தில் பிள்ளைகளைத் தலையெண்ணி டிக் போட்ட பழக்கம், விடவில்லை.

அவர்கள் எடுத்த பாகத்தின் பெயர் முட்டை. பண்டிகை நாளில் கோழி முட்டையிட்டால் அதை அன்றைக்கே தின்னலாமா கூடாதா என்று ஆரம்பிக்கும்.

"பண்டிகைன்னு அந்தக் கோழிக்குத் தெரியுமா, பாவம்," என்பாள் செல்மா.

"கோழிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? கேள்வி உன்னைத்தான்."

"கடைசியிலயாவது திங்கலாமா வேணாமான்னு சொல்லுவாங்களாடி?"

"அதுக்குள்ள அது குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சு பாட்டியாயிடும். நீ அடுத்த வரிக்கு வா."

ஒரு ஏட்டுக்கு இரண்டு மாதம் என்ற வேகத்தில் போனார்கள். சனிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது ஊறுகாய் மீனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து சண்டை போடுவார்கள். மேசையில் மற்றவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போவார்கள். பஸ்கா விருந்துக்குச் செல்மா போவது பெவர்லி வீட்டுக்குத்தான். வேறெங்கே போவாள்?

பிப்ரவரி முதல் செவ்வாயில் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். ஐந்து வரி இருக்கும்போது பெவர்லி, "ப்ரேக்," என்றாள். "இதோட நிறுத்து. மிச்சம் அன்னிக்கு."

"அஞ்சு வரிதானேடி. என்னதான் இருக்குன்னு ஒரு பார்வை பாத்துட்டா குத்தமா?"

"புஸ்தகத்தைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன்." தன் தலையிலிருந்து இரண்டு கொண்டை ஊசியை உருவி, இரண்டு பிரதியிலும் அந்த இடத்தில் செருகினாள். "அன்னிக்குச் சேந்து படிக்கறோம். அதுவரைக்கும் நீயும் பாக்கக் கூடாது, நானும் பாக்கக் கூடாது."

அடுத்த செவ்வாய் முழுக்கக் கதிஷ் பழகினார்கள். ஒரு பாகத்தை முடித்ததும் சொல்வதற்கென்று ஒரு கதிஷ் உண்டு. வழக்கமானதைவிட நீளம், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதைச் சொல்கிற இடம் இரண்டே இரண்டுதான். ஒன்று, படித்து முடித்த மேசை. மற்றது, பெற்றவரைப் புதைத்த குழியின் ஓரம். ஏன் இரண்டுக்கும் ஒன்றே என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், விடுங்கள்.

"நீதான் சொல்லணும்," என்றாள் பெவர்லி. "நான் எங்கப்பாவுக்கு வருஷம் முழுக்கச் சொல்லி அலுத்தவ. நீதான் பொறந்ததிலேர்ந்து ஒரு தடவைகூட எந்திரிச்சு நின்னதில்ல. நான் பக்கத்துல நின்னு ஆமென் போடறேன்."

"உன் ஆமென்ல ஜன்னல் கண்ணாடி விழுந்துடும்."

"விழட்டும். நீ கண்ணாடிக்காரர் மகதானே, போட்டுக்குடு."

செல்மா மூன்று வாரத்தில் அதை நெட்டுருப் போட்டாள். அந்த மூன்றாவது வாரச் செவ்வாயன்று பத்தே காலாகியும் பெவர்லி வரவில்லை.

செல்மா போன் பண்ணினாள். எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனாள். அவளிடம் சாவி இருந்தது. பெவர்லி சமையலறைத் தரையில் கிடந்தாள், மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்தவள் கேட்டாள்: "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நாங்க ஒண்ணா படிக்கறோம்."

"உறவுக்காரங்களைத்தான் உள்ள விடுவோம்மா. அப்படிப் போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தாள். பெவர்லியின் மகன் கோர்டன் ஃபீனிக்ஸிலிருந்து விமானத்தில் வந்து சேர்வதற்குள் பிற்பகல் மூன்றுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. செல்மாவுக்கு அழுகை வரவில்லை. காரை எந்த மாடியில் நிறுத்தினோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் அடக்கம். தரை உறைந்துகிடந்தது. குழி ஓரத்தில் கோர்டன், ஆங்கில எழுத்தில் அடித்த ஒரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நீளக் கதிஷைச் சொன்னான். நான்காவது வார்த்தையிலேயே தடுக்கிவிட்டான். ரபி எடுத்துக்கொடுத்தாள், மறுபடியும் தடுக்கினான். செல்மாவுக்கு அது முழுக்க வாயில் நின்றது. அந்தக் கூட்டத்திலேயே அட்டை இல்லாமல் அதைச் சொல்லத் தெரிந்தவள் ரபிக்கு அடுத்து அவள்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். உரிமைப்பட்டவன் சொல்கிறான், அவள் யார் நடுவில்?

பிறகு எல்லாரும் இரண்டு வரிசையாக நின்றார்கள். துக்கக்காரர் நடுவில் நடந்துபோவார், இரண்டு பக்கமும் நிற்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். சொல்கிற வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆளாளுக்குச் சொந்தமாக உளற வேண்டியதில்லை: சீயோனுக்காகத் துக்கப்படுகிறவர்களோடு உனக்கும் ஆண்டவன் ஆறுதல் தரட்டும். செல்மா வரிசையில் நின்று கோர்டனிடம் அதைச் சொன்னாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. வஞ்சனை ஒன்றும் இல்லை, முறை அப்படி. அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவன், உடன்பிறந்தவள், கட்டியவர். சட்டப்படி துக்கம் காக்க வேண்டிய உறவு ஏழு. கூடப் படித்தவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

புதைத்து வந்ததும் துக்க வீட்டில் சாப்பிடும் முதல் சாப்பாடு அடுத்தவர் கையால் வர வேண்டும், அதில் முட்டை இருக்க வேண்டும். செல்மா விடியற்காலையிலேயே இரண்டு டஜன் முட்டை அவித்துக் கொண்டுபோயிருந்தாள். ஒன்றை உரித்துக் கோர்டன் கையில் கொடுத்தாள்.

"நீங்க சாப்பிடலையா ஆன்ட்டி?"

"எனக்கென்னப்பா, நான் வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

வீட்டில் போய்ச் சாப்பிடவில்லை.

ஏழு நாள் துக்கத்திலும் தட்டுகளைக் கொண்டுபோவதும் கழுவி எடுத்துவருவதுமாக இருந்தாள். கோர்டன் துக்கக்காரருக்கான குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், வந்தவர்கள் அவன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். செல்மா சமையலறையில் நின்றாள். எட்டாம் நாள் கோர்டன் ஊருக்குப் போனான். அதற்கடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு அவள் ஆலயத்துக்குப் போய் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தாள். புத்தகத்தை மூடியே வைத்திருந்தாள். பதினொன்றரைக்கு எழுந்து வீட்டுக்குப் போனாள். அடுத்த செவ்வாயும், அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே.

ரபி தாலியாவுக்கு முப்பத்துநாலு வயது. பெவர்லி அவளைக் குட்டி ரபி என்றுதான் கூப்பிடுவாள், நேரிலேயே. அவள் ஒரு நாள் வந்து எதிர் நாற்காலியில் உட்காரப் போனாள். அது பெவர்லியின் நாற்காலி என்று ஞாபகம் வந்ததும் ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டாள்.

"உங்களை வற்புறுத்த வரல, செல்மா. நானே ஒரு சின்னப் பாகத்தை முடிக்கற மாதிரி தயாரா வெச்சிருக்கேன். அன்னிக்கு யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். தூங்கறேன். பஸ்காவுக்கு அலமாரியெல்லாம் துடைச்சிட்டேன்." செல்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுமே தோணல ரபி. பல்லுக்கு மரத்துப்போற ஊசி போடுவோம் பாருங்க, அது மாதிரி. கன்னத்தைத் தொட்டா யாரோட கன்னத்தையோ தொடற மாதிரி இருக்கு."

"ஊசியோட மரப்பு ஒரு நேரத்துல இறங்கித்தானே ஆகணும்?"

"முப்பத்தொரு வருஷமா அதை எல்லார்கிட்டயும் சொன்னவ நான்தான். ரெண்டு மணி நேரம்னு சொல்லுவேன். இது அஞ்சு வாரமாச்சு."

செல்மா மூடின புத்தகத்தில் ஊசி செருகியிருந்த இடத்தைத் தடவினாள். "இந்த அஞ்சு வரி இருக்கற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் படிச்சிட்டிருக்கோம். படிச்சுட்டேன்னா, முடிஞ்சுபோச்சு. அப்புறம் நான் யாரு? செவ்வாய்க்கிழமை வந்து உக்காந்துட்டுப் போற ஒரு கிழவி."

"பஸ்கா விருந்துக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ரபி போனாள்.

பஸ்கா அந்த வருஷம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கியது. அதற்கு முந்தின செவ்வாயன்று கோர்டன் போன் பண்ணினான். வீட்டைக் காலி பண்ண ஆள் வைத்திருக்கிறானாம். "அம்மாவோட புஸ்தகமெல்லாம் பெட்டியில போட்டு ஆலயத்துக்கே அனுப்பிட்டேன் ஆன்ட்டி. உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க."

பெட்டி அந்தச் சின்ன அறையிலேயே மேசைக்கடியில் இருந்தது. மேலாக ஒரு சமையல் புத்தகம், சாலை வரைபடங்கள், அடியில் முட்டைப் பாகம். செல்மா அதை எடுத்து மேசையில் வைத்தாள். ஊசி வைத்த இடத்தில் புத்தகம் தானாகவே விரிந்தது. படிக்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பக்க ஓரத்தில் இருந்த டிக்குகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒன்று, நேராக, பென்சிலில். ஊசி வரைக்கும் டிக். ஊசிக்குக் கீழேயும் டிக். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

பக்கத்துச் சமையலறையில் பஸ்காவுக்காக அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்த ரபி, "திருட்டுக் கழுதை" என்று ஒரு சத்தம் கேட்டு ஓடிவந்தாள். செல்மா எழுந்து நின்றிருந்தாள், முகம் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"படிச்சிருக்கா. எனக்கு ப்ரேக் போட்டுட்டு, கையை முறிப்பேன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் இவ மட்டும் படிச்சு முடிச்சிருக்கா. பாருங்க. டிக் வேற போட்டிருக்கா, வெக்கங்கெட்டவ. ஒரு வார்த்தை சொன்னாளா? மூணு வாரம் எதிர்ல உக்காந்து கதிஷ் பழக்கினாளே, மூஞ்சில தெரிஞ்சுதா?"

ரபி குனிந்து பார்த்தாள். சிரிப்பதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் இங்க ஏழு வாரமா இவளுக்காகக் காவல் காத்திட்டிருக்கேன். இவ என்னடான்னா என்னை நடுரோட்ல இறக்கிவிட்டுட்டு எப்பவோ போய்ச் சேந்துட்டா." செல்மா புத்தகத்தைப் படாரென்று மூடினாள். "வெள்ளிக்கிழமை நான் படிக்கறேன். உங்க சின்னப் பாகத்தை நீங்களே வெச்சுக்குங்க. அவ முடிச்சு நான் முடிக்காம விட்டா, நாளைக்கு மேல போய்ப் பாக்கறப்ப அதைச் சொல்லியே என் மானத்தை வாங்கிடுவா."

கோபம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பின்னால் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, பழையபடி மரத்துக்கிடந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வெள்ளி காலை பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். சுவரோரம் ஒரு நீள மேசையில் பேகல், மீன், அவித்த முட்டை, ஆரஞ்சுச் சாறு. பத்தரைக்குள் தின்று தீர்த்து, ரொட்டித் துணுக்கு இல்லாமல் பெருக்கித் தள்ளியாக வேண்டும், அதன்பின் புளித்த மாவு எட்டு நாளைக்கு ஆகாது. அதனால் எல்லாருக்கும் ஒரு கண் மேசைமேல். செல்மா தன் பிரதியை வைத்துவிட்டு பெவர்லியின் பிரதியைத்தான் கொண்டுவந்திருந்தாள். ஊசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசித்தாள். வாசிக்கிறவளும் அவளே, மறிக்கிறவளும் அவளே.

கடைசி ஐந்து வரியில் மாடுதான் விஷயம். பண்டிகை நாளில் வீட்டு மாட்டை அறுக்கலாம், காட்டில் கிடக்கும் மாட்டை அறுக்கக் கூடாது. சரி, பகலெல்லாம் ஊர் எல்லையைத் தாண்டி மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்து படுக்கிற மாடு எதில் சேர்த்தி? வீட்டு மாடுதான் என்கிறார் ஒரு ஞானி. மற்றவர்கள் இல்லை, அது காட்டு மாடுதான் என்கிறார்கள். அவ்வளவுதான், பாகம் முடிந்தது.

"ஏழு வருஷம் படிச்சதுக்கு இதுதான் முடிவு," என்றாள் செல்மா. "எனக்கு இதுல சம்மதமில்ல. ராத்திரி தேடி வந்து படுக்குதுன்னா அது வீட்டுதுதான். யார் வீட்டுல கட்டிப்போட்டாங்கன்னா கேக்கறது? பெவர்லி இருந்தா மத்தவங்க பக்கம்தான் பேசியிருப்பா. நான் எதைச் சொன்னாலும் அதுக்கு எதிர்ப் பக்கம் அவளோடது." நான்கைந்து பேர் சிரித்தார்கள். செல்மா புத்தகத்தை மூடிவிட்டுக் கதிஷ் சொல்ல எழுந்தாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் எழுந்து நின்று சொல்கிறாள். அட்டையும் இல்லை, தடுக்கலும் இல்லை. குரல்கூட நடுங்கவில்லை. முதல் நிறுத்தத்தில் எல்லாரும் ஆமென் என்றார்கள். பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியவளின் ஆமென் இல்லாததால் ஜன்னல் கண்ணாடிகள் பத்திரமாக இருந்தன.

பாதியில் கதவு திறந்து ஹெஷி ராபினர் வந்தார். எண்பத்துநாலு வயது, தலைச்சன். பிணத்தைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, புதைக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறவர். பனிக்காலம் முழுக்க ஃப்ளோரிடாவில் தங்கிவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். வருஷா வருஷம் இந்தக் காலைக்கு வருவார், படிப்பெல்லாம் முடிந்து பேகல் மட்டும் மிஞ்சியிருக்கிற நேரமாகப் பார்த்து. இந்தத் தடவை கடிகாரம் கொஞ்சம் முந்திவிட்டது. உள்ளே நுழைந்து ஒரு தட்டை எடுத்தவர் அந்த நீளக் கதிஷைக் கேட்டதும் அப்படியே நின்றார். முகம் மாறியது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, அடுத்த ஆமென்னை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

செல்மா முடித்தாள். மற்றவர்கள் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெஷி பனி பூட்ஸோடு நேரே அவள் முன்னால் போய் நின்று, நாற்பது வருஷப் பழக்கத்தில் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்: "சீயோனுக்காகத் துக்கப்படுகிறவர்களோடு உனக்கும் ஆண்டவன் ஆறுதல் தரட்டும்."

பின்னாலிருந்து யாரோ, "ஃப்ளோரிடா வெயில்ல மூளை காஞ்சிடுச்சு," என்றார்கள்.

"ஹெஷி," என்றாள் ரபி மெதுவாக, "இது துக்கமில்ல. ஒரு பாகத்தைப் படிச்சு முடிச்சிருக்காங்க. வாழ்த்துதான் சொல்லணும்."

ஹெஷிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "எனக்கு என்ன தெரியும்? இந்தக் கதிஷை நான் கேட்டதெல்லாம் குழி ஓரத்துலதான்." செல்மா பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதம்மா. வாய் தவறிடுச்சு. யாரும் போயிடலையே?"

"பெவர்லி போயிட்டா," என்றாள் செல்மா.

"யாரு, பஸ் ஓட்டுவாளே, அந்தப் பெரிய சத்தக்காரியா? எனக்கு யாரும் சொல்லலையே." அடக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகின கேள்வியை அவளிடமும் கேட்டார். "உனக்கு அவ என்ன வேணும்?"

ஆஸ்பத்திரி மேசையில் கேட்ட அதே கேள்வி. செல்மா, கூடப் படிச்சவ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தாடை ஆடியது. ஏழு வாரமாகக் கிடந்த மரப்பு அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கி, வலி தெரிய ஆரம்பித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு பேர் பார்க்க, கண்ணாடிக்காரரின் தலைச்சன் மகள் கேவிக் கேவி அழுதாள்.

ஹெஷி ரபியைப் பார்த்தார். "அப்ப நான் சொன்னது சரிதான்," என்றார். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். நீள மேசைக்குப் போய் ஒரு முட்டையை எடுத்து, ஓரத்தில் தட்டி, தடித்த விரல்களால் பொறுமையாக உரித்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சாப்பிடும்மா," என்றார்.

செல்மா சாப்பிட்டாள்.